மூன்றாம் முறை யாரிடம் கேட்டார்கள்?

கோதுமை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லாமே படுத்துவிட்டது.

அண்ணன் நெஸ்டர் காலில் மாவுக்கட்டோடு சோபாவில் படுத்திருந்தான். அவன் ஓட்டிய அறுப்பு மிஷின் கரிக்கட்டையாகிக் கொட்டகைக்குப் பின்னால் படுத்திருந்தது. அது நட்டநடு வயலில் தீப்பிடித்ததையும், அண்ணன் மேலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொண்டதையும், தீயை அணைக்க நான் ஓடிய ஓட்டத்தில் கையில் எடுத்துப் போனது காப்பி பிளாஸ்க் என்பதையும் சென்ற வாரமே சொல்லிவிட்டேன். சிரித்து முடித்தவர்கள் மேலே வரலாம்.

மூன்று வருடம் எங்கள் கனடா சஸ்காட்செவன் வானம் ஒரு சொட்டு விடாமல் எங்களை வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வருடமே பொறுமை போய், நிலத்தை விற்றுவிட்டு ஸ்கூல் பஸ் ஓட்டப் போனவன் நான். அண்ணன் வீட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், சக்கரம் வைத்த வீடு ஒன்றில் என் ஜாகை. நான் விற்ற பிறகுதான் மழை பெய்தது.

"ஊருக்காக பெத்ரோ பண்ணின ஒரே தியாகம்" என்பாள் அண்ணி லெஸ்யா.

அந்த மழையில் வந்த கோதுமை இது. இரண்டு வயல். வீட்டை ஒட்டி ஒன்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெற்கு வயல். தெற்கு வயல் பள்ளமான பூமி. அதில் கதிர் கனம் தாங்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

அன்று சனிக்கிழமை. காலையிலேயே ரேடியோ சொல்லிவிட்டது: ஆல்பர்ட்டா பக்கமிருந்து பனி வருகிறது, பொழுது சாய்ந்ததும் கொட்டும், ஈரப் பனி. ஈரப் பனி விழுந்தால் கோதுமை தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். வசந்தத்தில் எடுத்தால் மாடு கூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் வாய் வைக்கும்.

ஊரில் எல்லோரும் அறுத்துக் குதிரில் போட்டாகிவிட்டது. எல்லோர் மிஷினும் சும்மா நின்றது. எங்கள் வாசலுக்கு ஒன்றும் வரவில்லை.

வர வேண்டும். அதுதான் வழக்கம். ஒருவன் அறுப்பு நேரத்தில் விழுந்துவிட்டால், அக்கம்பக்கத்து மிஷின்கள் வரிசையாக வந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டு, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். விழுந்தவன் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அது பிச்சை. அவர்களாக வந்து, "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்க வேண்டும். நாம், "அய்யோ, வேண்டாம், சமாளிச்சுக்கறோம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்கும்போது, "சரி, உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்று தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் முறையே சரி என்பவன் பேராசைக்காரன். மூன்றாம் முறையும் வேண்டாம் என்பவன் விரோதி.

அடுத்த பண்ணைக்காரன் எல்மர் ஊர் சார்பில் இரண்டு முறை கேட்டான். அண்ணி இரண்டு முறை ஒழுங்காக மறுத்தாள். மூன்றாம் முறைக்குக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

"மனுஷனா அவன்?" என்று தினமும் ஜன்னலைப் பார்த்துக் கேட்பாள். "வெறும் வாய் வார்த்தைக்குக் கேட்டிருக்கான் பாரு. மூணாவது தடவை கேட்டா நாக்கு தேஞ்சு போயிடுமா?"

---

ஊர் விருந்து மறுநாள். அதற்காக ஊர் ஹாலில் பெண்கள் எல்லோரும் பெரோகி செய்ய உட்கார்ந்திருந்தார்கள். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து, மாவை மடித்து, ஓரத்தைக் கிள்ளி மூடுகிற கொழுக்கட்டை. ஆயிரக்கணக்கில் கிள்ளுவார்கள்.

அங்கே நான் ஒருவன்தான் ஆண். கிழங்கு மசிக்கிறவன். நிலமும் இல்லாத, மனைவியும் இல்லாத ஒருவனை ஊர் எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கே வைத்திருந்தது.

"பயிரை விட்டுட்டு இங்க வரணுமா அண்ணி?" என்று வண்டியிலேயே கேட்டேன்.

"வீட்டுல உக்காந்து என்ன பண்றது? கத்தரிக்கோல் வச்சு அறுக்கறதா?"

அண்ணி மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. எதிரே மார்லின். எல்மரின் மனைவி. ஒரு பெண் எவ்வளவு கோபமாக இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் அவள் கிள்ளிய ஓரத்தைப் பார்த்தால் போதும். மார்லினின் பெரோகி ஒவ்வொன்றும் கழுத்தை நெரித்தது போல் இருந்தது. அண்ணியுடையதும் அப்படியே. நான் மசித்த கிழங்குக்காக வருத்தப்பட்டேன்.

"சமாளிச்சுக்கறீங்களா, லெஸ்யா?" என்றாள் மார்லின். தலையை நிமிர்த்தவில்லை.

"சமாளிக்கிறோம், மார்லின்."

"ரொம்ப நல்லது. யாரு தயவும் தேவைப்படாம இருக்கறது பெரிய விஷயம்தான்."

அண்ணியின் கையிலிருந்த மாவு பிதுங்கியது.

"என்ன சொன்ன?"

"நல்லதுன்னேன்."

"இல்ல, தயவுன்னு ஒண்ணு சொன்னியே." அண்ணி எழுந்துவிட்டாள். "உன் மாமனார் போனப்ப உன் அடுப்படியில யாரு நின்னது? உன் பொண்ணு கல்யாணத்துக்கு இதே மேஜையில விடிய விடிய யாரு கிள்ளினது? இன்னிக்கு சாயங்காலம் பனி. எங்க வயல்ல மூணு வருஷத்துக்கு அப்புறம் வந்த பயிர் நிக்குது. உன் வாசல்ல மிஷின் கழுவித் துடைச்சு பொம்மை மாதிரி நிக்குது. ஒரு மனுஷன், ஒரே ஒரு மனுஷன் எட்டிப் பாக்கலை! தயவைப் பத்திப் பேசறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்கா வெக்கம்?" மார்லினும் எழுந்தாள். அவள் அண்ணியைவிட ஒரு தலை உயரம். "எட்டிப் பாக்கலையா? எட்டிப் பாத்த என் வீட்டுக்காரர் முகத்துல ஊன்றுகோலை வீசினது யாரு? உன் புருஷன்!"

ஹாலில் கொதிக்கிற தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போ?" என்றாள் அண்ணி.

"தெரியாத மாதிரி கேக்காதே. மூணாவது தடவை வந்தாரே, அப்போ! நீ டவுனுக்கு மருந்து வாங்கப் போயிருந்தியாம். கண்ணுக்குக் கீழே இவ்வளவு வீக்கத்தோட வந்து நின்னாரு. என்னாச்சுன்னா, கன்னுக்குட்டி உதைச்சுதுங்கறாரு. லெஸ்யா, நாங்க மாட்டை வித்து வருஷம் ஆகுது. எந்தக் கன்னுக்குட்டி? யாரு வீட்டுக் கன்னுக்குட்டி?"

யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அண்ணி மாவுக் கையோடேயே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். மார்லினின் முகம் மெல்ல மாறியது. "அவளுக்கு நிஜமாவே தெரியாதா?" என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். வண்டியில் ஏறிய பிறகுதான் மசிக்கிற கட்டையைக் கீழே வைக்காதது தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் அவசரத்துக்குச் சரியான பொருளை எடுக்கிற வழக்கம் இல்லை.

---

"எல்மர் இங்க வந்தானா?"

"எந்த எல்மர்?" என்றான் அண்ணன், ரேடியோவின் ஒலியைக் கூட்டியபடி.

எங்கள் ஊரில் மொத்தம் மூன்று எல்மர்கள். இரண்டு பேர் சர்ச்சுக்குப் பின்னால் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அண்ணி ரேடியோவின் ஒயரைப் பிடுங்கினாள்.

"வந்தான்" என்றான் அண்ணன்.

"ஊன்றுகோலை வீசினியா?"

"கை தவறிடுச்சு."

"கை தவறினது நேரா கண்ணுக்குக் கீழே போய் விழுந்துச்சாக்கும்? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஓடிப்போய்க் கூட்டிட்டு வருவ."

"ஆமா, வருவேன்!"

"அதான் சொல்லல."

அண்ணியின் முகம் வெளுத்தது. இது கெட்ட அறிகுறி. சிவந்தால் கத்துவாள், வெளுத்தால் செய்வாள்.

"அவன் என்ன சொன்னான் தெரியுமா?" அண்ணன் எழுந்து உட்கார முயன்று, கால் இழுக்க, மறுபடி சாய்ந்தான். "லெஸ்யா பாவம்ங்கறான். அவளுக்காகவாவது ஒத்துக்கோங்கறான். என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என் பொண்டாட்டியைப் பாவம்னு சொல்ல அவன் யாரு?"

"பாவம்தானே நான்!" அண்ணி கத்தினாள். "மூணு வருஷம் தட்டுல விழுந்த தூசியை ஊதிட்டுத் தின்னேனே, நான் பாவம் இல்லையா? ஜன்னல் இடுக்குல ஈரத்துணியை அடைச்சு அடைச்சு விரல் வெடிச்சுப் போச்சே, நான் பாவம் இல்லையா? பொண்ணு படிப்பை நிறுத்திட்டு ரெஜைனா நகரத்துல எவன் வீட்டுத் தரையையோ தொடைக்கறா. அவ பாவம் இல்லையா? ஊர்ல ஒருத்தனுக்கு அது கண்ணுல பட்டிருக்கு. அவன் கண்ணைப் போய்க் குத்தியிருக்க!"

"லெஸ்யா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாரக்கணக்கா ஜன்னலைப் பாத்துக்கிட்டு அவனைத் திட்டினேன். நீ இந்த சோபாவுல படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'திட்டாதே, வந்தான்'னு வாய் வந்துச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த மசிப்புக் கட்டையைப் பார்த்தேன்.

அண்ணி கோட்டை மாட்டினாள்.

"எங்க போற?"

"கேக்கப் போறேன்."

"பைத்தியமா? இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் போய்க் கேட்டதில்ல!"

"இந்த ஊர்ல ஒருத்தரும் உன்னைக் கல்யாணமும் பண்ணிக்கல" என்று சொல்லிவிட்டு அண்ணி கதவைச் சாத்தினாள். கதவுக்கு மேல் இருந்த சாமி படம் ஒருபக்கம் சாய்ந்தது.

"தானிய லாரியை எடுத்துடாதடா பெத்ரோ" என்றான் அண்ணன். அவன் குரலில் கோபம் மட்டும் இல்லை, வேறு ஏதோ இருந்தது. அது என்ன என்று நிதானிக்க எனக்கு நேரமில்லை. வெளியே அண்ணி ஏற்கனவே லாரியில் ஏறி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள்.

---

எல்மர் மிஷினுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். கழுவி, துடைத்து, குளிர்காலத்துக்கு மூடி வைக்கத் தயாராக இருந்தது. கண்ணுக்குக் கீழே வீக்கம் வடிந்து, பழுத்த இலையின் மஞ்சள் நிறம் ஏறியிருந்தது.

எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "காப்பி குடிக்கறீங்களா?"

"வேண்டாம்" என்றேன் நான், வழக்கப்படி.

"நீ சும்மா இரு" என்றாள் அண்ணி. "எல்மர், நான் ஒண்ணு கேக்கறேன். எங்க பயிரை அறுத்துக் குடு."

எல்மர் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பெண் நடுரோட்டில் அழுததைப் பார்த்துவிட்டவனைப் போல அவனுக்குக் காது வரை சிவந்தது. எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. எனக்கே எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"நான் வந்தேன், லெஸ்யா" என்றான் பூட்ஸைப் பார்த்தபடி. "மூணாவது தடவையும் வந்தேன்."

"யாருகிட்ட வந்த?"

"உங்க வீட்டுக்கு."

"வீட்டுக்கு வந்தது சரி. யாருகிட்ட கேட்ட? முதல் தடவை என்கிட்ட கேட்ட. ரெண்டாவது தடவை என்கிட்ட கேட்ட. வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னது நான். மூணாவது தடவை மட்டும் ஏன் அவன்கிட்ட போய்க் கேட்ட?"

"நெஸ்டர் வீட்டு ஆம்பளை ஆச்சே. கடைசி வார்த்தை அவன்கிட்ட இருந்து வந்தாத்தான்..."

"ஓஹோ. சும்மா மரியாதைக்கு வேண்டாம்னு சொல்ல நானு. நிஜமா வேணும்னு சொல்ல அவன். இந்தக் கையைப் பாரு. விதைச்ச கை இது. விதை போடற வண்டிக்குப் பின்னால ஏறி நின்னு, மூக்குல துணி கட்டிக்கிட்டு மூட்டை பிரிச்ச கை. உனக்கெல்லாம் இது பெரோகி கிள்ளத்தான் கண்ணுல படுமா?"

"அப்படி இல்ல, லெஸ்யா."

"அப்படித்தான். என் புருஷன் மேல எனக்கு இருக்கற கோபம் என் வீட்டுக்குள்ள இருக்கு. உன் மேல இருக்கறதைத்தான் இங்க கொண்டு வந்திருக்கேன். அவன் ஒரு ஊன்றுகோலை வீசினான்னு நீ வந்து மிஷினைக் கழுவி வச்சுட்ட. பயிர் என்ன பண்ணிச்சு உன்னை?"

எல்மர் எண்ணெய்த் துணியை நாலாக மடித்தான். மேற்கே வானம் ஈயப் பாத்திரம் போல இருண்டு வந்தது.

"நான் வர முடியாது" என்றான் கடைசியில். "அன்னிக்குக் கோபத்துல சொல்லிட்டேன். இனிமே உன் வயல்ல கால் வைக்க மாட்டேன், ஒரு கதிர் அறுக்க மாட்டேன்னு நெஸ்டர்கிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன்."

"சர்ச்ல நின்னா?"

"இல்ல. உங்க சமையலறையில."

"அப்ப சரி. கால் வைக்காதே. மேலே ஏறி உக்காரு. நான் ஓட்டறேன். நீ பக்கத்துல சும்மா உக்காந்து வா. யாராவது கேட்டா வேடிக்கை பாக்கப் போனேன்னு சொல்லு."

எங்கள் ஊரில் ஒருவன் தன் வீட்டுச் சாவியைக் கொடுப்பான். தன் பல் செட்டைக்கூடக் கொடுப்பான். அறுப்பு மிஷினைக் கொடுக்க மாட்டான். எல்மர் மிஷினைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான்.

"ஓட்டியிருக்கியா?"

"இல்ல. என் புருஷன் தொட விட்டதில்ல."

எல்மர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். பிறகு மேலே ஏறி, ஓட்டுகிற இடத்தை விட்டு, பக்கத்துச் சின்ன இருக்கையில் உட்கார்ந்தான்.

---

வீட்டு வயலில் இறங்கியபோது நடுப்பகல் தாண்டிவிட்டது. நான் அண்ணனின் தானிய லாரியில் பின்னாலேயே போனேன்.

அண்ணி ஓட்டினாள் என்று சொல்வதைவிடத் துரத்தினாள் என்று சொல்லலாம். கோதுமை அவளுக்கு முன்னால் உயிர் தப்பி ஓடுவது போலவும், இவள் விடமாட்டேன் என்பது போலவும் இருந்தது. கண்ணாடிக்குள் எல்மர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயை அவ்வப்போது திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சுற்று வரும்போது வீட்டுக் கதவு திறந்தது.

அண்ணன் இரண்டு ஊன்றுகோல்களோடு வெளியே வந்தான். ஊன்றுகோல் மண்ணில் புதைய, பிடுங்கி, புதைய, பிடுங்கி, வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டு, அறுத்த தட்டைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தான். சண்டைதான் என்று நான் முடிவு செய்து, இறங்கி ஓடினேன். கையில் எதுவும் எடுக்கவில்லை, பழகிவிட்டது.

அவன் மிஷினின் முன்னால் போகவில்லை. பின்னால் போனான். ஊன்றுகோல்களைத் தூக்கி எறிந்தான். மாவுக்கட்டுக் காலை ஒருபக்கம் நீட்டி, மெல்லச் சரிந்து, வயிற்றின் மேல் மண்ணில் படுத்தான். மிஷின் துப்பிய வைக்கோலை இரண்டு கையாலும் விலக்கி, தரையைப் பார்த்தான்.

"நிறுத்துடி!" என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வேலியிலிருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன.

அண்ணி நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். "முடியாது! நீ என்ன கத்தினாலும் அறுக்காம விடமாட்டேன்!"

"அறுக்காதேன்னு எவன் சொன்னான்? இப்படியா அறுப்பாங்க? பாதி மணியை வைக்கோலோட வெளியே தள்ளிட்டிருக்க! எலிக்கா விதைச்சோம்? வேகத்தைக் குறை! உள்ளே பதர் ஊதற காத்தாடியைக் குறை!" பிறகு எல்மரைப் பார்த்துவிட்டான். "ஏன்டா, நீ எதுக்கு மேலே உக்காந்திருக்க? சொல்லக் கூடாதா?"

"கொஞ்சம் வேகமோன்னு எனக்கும் தோணிச்சு" என்றான் எல்மர்.

"தோணினா வாயைத் திறக்கறதுக்கு என்ன?"

"அவ கேக்கலையே."

அண்ணன் ஆகாயத்தைப் பார்த்தான். "இந்த ஊரை முதல்ல தீ வச்சுக் கொளுத்தணும்."

தரையில் கிடந்த ஒரு மணியை எடுத்து ஊதி, பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தான். 'டக்' என்று உடைந்தது. ஒரு நொடி அவன் முகத்தில் எதுவோ இளகியது. உடனே அதை மறைத்துக்கொண்டு, குற்றம் சொல்லுகிற குரலில், "காஞ்சுதான் இருக்கு" என்றான்.

அண்ணி வேகத்தைக் குறைத்தாள். தொட்டி நிரம்பியது. மிஷினின் நீண்ட குழாய் என் லாரியின் மேல் வந்து நின்று, கோதுமையைக் கொட்டியது. மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சத்தத்தில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசிதான் என்று அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கும் தூசி விழுந்திருந்தது.

அப்போது ரோட்டில் புழுதி தெரிந்தது. ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால். மிஷின்கள். மார்லின் ஹாலில் போனைப் பிடித்து ஊரையே கூப்பிட்டுவிட்டாள் போலிருக்கிறது.

அண்ணி மேலிருந்து அதைப் பார்த்தாள். முதல் தடவையாக அன்று அவள் சிரித்தாள். "அவங்க வரட்டும். இந்த வயலை அவங்களுக்கு விட்டுடலாம். நான் முதல்ல தெற்கு வயலுக்குப் போறேன். அதுலதான் பயிர் கனம். பனி அதைத்தான் முதல்ல சாய்க்கும்."

"வேண்டாம்" என்றான் அண்ணன்.

"ஏன்?"

"வேண்டாம்னா விடு. இது மட்டும் போதும்."

"நல்ல வயலை விட்டுட்டு இதுவா போதும்? காலோட சேத்து மண்டையிலயும் அடிபட்டுச்சா?"

"தெற்கு வயல்ல யாரும் இறங்கக் கூடாது, லெஸ்யா." அவன் ரோட்டைப் பார்த்தான், வந்துகொண்டிருக்கும் புழுதியைப் பார்த்தான். "அது நம்மது இல்ல."

மிஷினின் உறுமலையும் மீறி அது எல்லோர் காதிலும் விழுந்தது.

"யாரோடது?"

அண்ணன் சட்டையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினான்.

"வித்துட்டியா?"

"கோடையில. மழை வர்றதுக்கு முன்னாடி. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் மழை வந்துடுச்சு. அப்புறம் பயிர் இப்படி நின்னுடுச்சு. எப்படிச் சொல்றது?" அவன் குரல் உடைந்தது; உடைந்ததை மறைக்கக் கத்தினான். "அதுக்குத்தான்டி அவனை விரட்டினேன்! ஊரே மிஷினோட வந்தா தெற்கு வயல்லயும் இறங்குவாங்க. இறங்கினா தெரிஞ்சுடும். ஊருக்கு முன்னாடி உனக்குத் தெரியணுமா?"

"பயிரோடயா வித்த?"

"பயிரோட."

அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. நான் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்மர் ஒருவன்தான் திடுக்கிடவில்லை. தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தில் ஏதோ எழுதியிருப்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வயலை உழுதது யாரு?" என்றாள் அண்ணி.

"லெஸ்யா..."

"விதைச்சது யாருன்னு கேக்கறேன்."

"நீயும் நானும்."

"அப்ப அறுக்கறதும் நான்தான். அறுத்து நம்ம குதிர்ல கொட்டுவேன். வாங்கினவன் எவனா இருந்தாலும் வந்து என் மூஞ்சியைப் பாத்து, 'அது என்னோடது'ன்னு சொல்லட்டும். சொல்ற தைரியம் இருந்தா எடுத்துட்டுப் போகட்டும்."

பக்கத்து இருக்கையில் எல்மர் இன்னும் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணி கதவை அறைந்து சாத்தினாள். மிஷின் ஒரு குலுங்கு குலுங்கி, ரோட்டைத் தாண்டி தெற்குப் பக்கம் திரும்பியது. வந்துகொண்டிருந்த மிஷின்களில் முதலாவது, கொஞ்சம் தயங்கிவிட்டு, அவள் பின்னாலேயே தெற்கே இறங்கியது.

"நீ போகாதடா பெத்ரோ!" அண்ணன் தத்தித் தத்தி வந்து லாரியின் முன்பக்கத்தைக் கையால் அடித்தான். "லாரி இல்லேன்னா அவளால எங்க கொட்ட முடியும்? நீ போகாதே! சொன்னாக் கேளு!"

அன்று லாரியை எடுத்ததைத் தவிர, அவன் சொன்ன எதையும் நான் மீறியதில்லை. மீறும் அளவுக்கு எனக்குச் சுறுசுறுப்பும் கிடையாது. அவன் மாவுக்கட்டின் மேல் வெள்ளையாக ஏதோ வந்து உட்கார்ந்தது. கரைந்தது. இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறுண்ணா. திட்டறதை உள்ளே உக்காந்து திட்டு. கட்டு நனையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அவன் ஏறினான். ஏறும்போதும் திட்டினான். நான் ஊன்றுகோல்களைப் பொறுக்கி அவன் காலடியில் போட்டுவிட்டு, தெற்கு வயலைப் பார்த்து வண்டியைக் கிளப்பினேன். ரோட்டைத் தாண்டும்போது மெல்லக் கேட்டேன்.

"வாங்கினது எல்மரா?"

அண்ணன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு முன் கண்ணாடியைத் துடைத்தான். பனி வெளிப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. அவன் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.